பிடி கொடுக்காத தம்பி

கேள்வி: என் தங்கச்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போய் மூன்று மாதமாகிறது. பையனுக்குக் கொழும்பில் வேலை, வீடு தலவாக்கலைப் பக்கம். முடிவு கேட்டால், ‘ஐ ஆம் நாட் இன் எ பொசிஷன் டு கமிட் ரைட் நவ்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன?
– ஒரு வாசகர், கொட்டகலை

பதில்: ‘வேண்டாம்.’

அந்த ஒரு சொல்லைச் சொல்லக் கூடாது என்றுதானே தம்பி இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறார்! பிடி கொடுக்காமல் பேசுவது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான் இது. அவர் அனுப்பியதை இன்னொரு முறை படியுங்கள். ‘மாட்டேன்’ என்று எங்கேயும் இல்லை. ஏதோ ஒரு ‘பொசிஷன்’ வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டதாம். காய்ச்சலில் கிடப்பவன் வேலைக்கு வர முடியாது என்றால் யார் கோபிப்பது? மாட்டேன் என்பதை முடியாது என்று மாற்றிவிட்டால் பழி யார் மேலும் விழாது. (இதையும் தம்பி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழைய தமிழில் மாட்டுதல் என்றால் இயலுதல். மாட்டேன் என்றால் இயலாது என்றுதான் பொருள். மனமில்லை என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.)

நம் பக்கம் ‘கமிட் ஆயிட்டான்’ என்றால் காதல். ‘கமிட்மென்ட் இருக்கு’ என்றால் த்ரீவீல் லீசிங், சீட்டுக் காசு, அடகு வைத்த நகைக்கு வட்டி. தம்பி இரண்டாவதைச் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். சரி, கடனுக்குத் தவணை உண்டு, கடைசித் தவணைக்குத் தேதியும் உண்டு. அந்தத் தேதியை ஏன் எழுதவில்லை?

மலையகத்தில் நம் பூட்டன்மார் காலத்தில், இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய ‘துண்டு’ வாங்காமல் ஒரு தேயிலைத் தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். அந்த ஆட்கள் சொல்லியிருக்கலாம், ‘நாட் இன் எ பொசிஷன்’ என்று. கொழும்பில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் ‘ரைட் நவ்’ போடுகிறவர் சொல்லலாமா? தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குக் காலையில் வந்தால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழும், வராவிட்டால் விழாது. கொழுந்து குறைந்தால் பாதி நாள் சம்பளத்துக்கு அரைப்பேராவது போடுவார்கள். கலியாணத்துக்கு அரைப்பேர் கிடையாதே.

எங்களையும் சொல்லிக்கொள்ள வேண்டும். போட முடியாத கவிதைகளுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இந்த அலுவலகத்திலிருந்து எத்தனை தபால் போயிருக்கிறது! அதற்கும் தமிழில் ‘வேண்டாம்’ என்றுதான் அர்த்தம்.

தம்பிக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதாதீர்கள். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் அம்மாவுக்கு நீங்களே போன் எடுங்கள். ‘சாதகக் குறிப்பைத் திருப்பித் தந்தால் நல்லது, வேறு இடத்தில் கேட்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று மாதமாக அவர்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் இருக்கும்.