கே.டி. கொடுத்துவிட்டுப் போகிறவர்

அன்புள்ள ஐயா,

ஒரு அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பராமரிப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. பல வருடங்களாக அதைப் பார்த்துவந்தவர் அங்கிருந்து எனக்கு கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது வேலையின் நுணுக்கங்களைச் சொல்லித்தருவது) கொடுக்கிறார். இந்த மாதத்தோடு அவருக்கு வேலை இல்லை. நேற்று, “மாதக் கடைசியில் இந்த பேட்ச் ஜாப் (தானாக ஓடும் நிரல்) பாதியில் தொங்கும். டாக்குமெண்டில் இருக்காது, எழுதிக்கொள்” என்றார். இரவு தூக்கம் வரவில்லை. நான் செய்வது தவறா? உலகமயமாதலில் இதெல்லாம் தவிர்க்க முடியாதது என்கிறார் என் மேனேஜர்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறேன்)

அன்புள்ள தம்பி,

தவறில்லை, தூங்குங்கள். உங்கள் குற்ற உணர்ச்சியால் அவருக்குக் கால் காசு பிரயோஜனம் இல்லை. அவருக்கு ஒரு நன்றி சொன்னதாகக்கூடக் கடிதத்தில் காணோம். மேனேஜர் சொன்னதை விடுங்கள், தன் நாற்காலி போகும்போது அவர் வேறு மாதிரி பேசுவார்.

2015இல் டிஸ்னி ஓர்லாண்டோவில் சுமார் 250 பேரை வேலையைவிட்டு அனுப்பியபோதும் இதே கதைதான். தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது என்று பலர் குமுறினார்கள்.

நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பது வேறு. 2004இல் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் கிரிகரி மேன்கியூ, வேலை வெளிநாடு போவது நீண்டகாலத்தில் அமெரிக்காவுக்கு லாபம்தான் என்கிற மாதிரி பேசி, இரண்டு கட்சிக்காரர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கணக்கு சரியாகவே இருக்கட்டும். லாபத்தில் ஒரு பங்கை, வேலை இழந்தவர் கையில் கொடுத்தது யார்?

அதற்கென்றே 1962 முதல் அங்கே ஒரு திட்டம் இருந்தது. இறக்குமதியால் வேலை போனவருக்கு மறுபயிற்சி, அதுவரை உதவித்தொகை. சட்டை தைத்தவருக்குக் கிடைத்தது. மென்பொருள்காரர் போய் நின்றால், நீ பொருள் எதுவும் தயாரிக்கவில்லையே என்றது தொழிலாளர் துறை. அதே மென்பொருள் குறுந்தகட்டில் வந்து இறங்கினால் பொருளாம், இணையம் வழியே வந்தால் இல்லையாம்! இதைச் சொல்ல ஒரு அரசுத் துறை, கோர்ட் வரைக்கும் போய் வாதாட வக்கீல்கள். வேலை போனவர்கள் விடாமல் வழக்கு நடத்திய பிறகு, 2006இல்தான் துறை இறங்கிவந்தது. சேவைத் துறையினரைச் சட்டத்திலேயே சேர்க்க 2009 ஆனது. அதுவாவது நிலைத்ததா? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நீட்டிக்காததால் 2022 ஜூலை முதல் புதியவர்களுக்குக் கதவு மூடியாயிற்று. இதைப் பற்றி ஒரு வரி தெரிந்துகொள்ளாமல் உலகமயமாதல் என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆக, உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு மிச்சம் மாநில அரசின் வேலையின்மை உதவித்தொகை. பெரும்பாலான மாநிலங்களில் அது அதிகபட்சம் 26 வாரம். அப்புறம், அங்கே மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடு சேர்ந்துதான் வருகிறது. கோப்ரா சட்டப்படி அதைப் பொதுவாக 18 மாதம் தொடரலாம். இதுவரை நிறுவனம் கட்டிய பங்கையும் சேர்த்து, முழு பிரீமியத்தையும் இனி அவரே கட்ட வேண்டும்.

அன்புடன்