ரவுட்டர் பேக்கப்பும் ஃபர்ம்வேர் ஓட்டைகளும்: கேள்வி-பதில்

கேள்வி: ரவுட்டரின் கான்ஃபிக் (அதன் அமைப்புகள் எல்லாம் அடங்கிய ஃபைல்) பேக்கப் பொது ஃபோல்டரில் கிடக்கிறது. பாஸ்வேர்டுகள் புரியாத எழுத்துகளாகத்தான் தெரிகின்றன. போதாதா?

போதாது. சிஸ்கோ நிறுவன ரவுட்டரின் கான்ஃபிக்கில் பாஸ்வேர்டுக்கு முன்னால் 7 என்ற எண் இருந்தால், அதை நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மறைக்க மட்டுமே அது உதவும். லாகின் பாஸ்வேர்டுகளை, திருப்பிப் படிக்க முடியாதபடி ஹேஷ் செய்து வைக்கும் டைப் 8 அல்லது 9-க்கு மாற்றுங்கள். ஆனால் விபிஎன் கீ, ரேடியஸ் கீ (லாகினைச் சரிபார்க்கும் சர்வருடன் பேச உதவும் ரகசியச் சொல்) போன்றவற்றை ரவுட்டரே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஹேஷ் செய்து வைக்க வழியில்லை. எனவே ஃபைலையே என்கிரிப்ட் செய்து, ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கேள்வி: பேக்கப் அனுப்ப டிஎஃப்டிபி (TFTP என்ற எளிய ஃபைல் பரிமாற்ற முறை) போதுமா?

வேண்டாம். அதில் பாஸ்வேர்டும் கிடையாது, என்கிரிப்ஷனும் கிடையாது. என்கிரிப்ட் செய்து அனுப்பும் எஸ்எஃப்டிபி (SFTP) இருக்கிறதே.

கேள்வி: மைக்ரோடிக் நிறுவன ரவுட்டரில் பேக்கப் எடுப்பதா, எக்ஸ்போர்ட் எடுப்பதா?

இரண்டும். பேக்கப் ஃபைல் அதே கருவிக்கானது. வேறு மாடலில் ஏற்றினால் தலைவலிதான். எக்ஸ்போர்ட் வெறும் டெக்ஸ்ட். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன மாறியது என்று ஒப்பிட அதுதான் வசதி. மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் மென்பொருளில் 6.43 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்ட் கொடுக்காமல் எடுத்த பேக்கப் என்கிரிப்ட் ஆவதில்லை. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

கேள்வி: ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டைத் தாமதமாகத்தான் போட்டேன். இனி கவலையில்லையே?

ஓட்டை அடைபட்டது, ஏற்கெனவே உள்ளே வந்தவர் போய்விட்டாரா என்பது வேறு கேள்வி. 2018-ல் மைக்ரோடிக் ரவுட்டரை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் வசதியில் இருந்த ஓட்டை வழியாக, லாகின் இல்லாமலே யூசர் டேட்டாபேஸை எடுக்க முடிந்தது. ஏப்ரலிலேயே 6.42.1-ல் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் பாஸ்வேர்ட் திருடுபோயிருந்தால், அப்டேட்டுக்குப் பிறகும் அதே பாஸ்வேர்ட் திறக்கும். 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருள் மீதான தாக்குதலிலும் இதே கதை: தாக்கியவர்கள் நுழைத்த நிரல் ரீபூட் செய்ததும் மறைந்தது, அவர்கள் உருவாக்கிய அட்மின் கணக்கு அப்படியே இருந்தது.

ஆகவே அப்டேட்டுக்குப் பின் பாஸ்வேர்டுகளையும் கீகளையும் மாற்றுங்கள். யூசர் பட்டியல், ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்), ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் வரி வரியாகப் பாருங்கள். முக்கியமாக, ஊடுருவலுக்குப் பின் எடுத்த பேக்கப்பை ஏற்றாதீர்கள். அந்தத் திருட்டுக் கணக்கையும் நீங்களே திரும்ப உட்கார வைத்துவிடுவீர்கள். சந்தேகமில்லாத பழைய எக்ஸ்போர்ட் இங்கேதான் கைகொடுக்கும்.

கேள்வி: என் மாடலுக்கு அப்டேட்டே நின்றுவிட்டது.

மாற்றிவிடுங்கள். புதியது வரும்வரை வெளியே இணையத்திலிருந்து அட்மின் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணைத்து வையுங்கள். பழையதைக் கழிக்கும்போது ஃபேக்டரி ரீசெட் செய்ய மறக்காதீர்கள்.