நடுக்குரல்களை விடுங்கள், ஆச்சி

கேள்வி: மகள் 34 நரம்பு லீவர் ஹார்ப்புடன் (நரம்புக்கு நரம்பு சுரம் ஏற்றும் சிறு லீவர் உள்ள யாழ் போன்ற கருவி) வீட்டுக்கு வந்திருக்கிறாள். துவானோ ஆர்போவின் 1589-ஆம் ஆண்டு நடன நூலில் உள்ள நான்கு குரல் பவானை (மெதுவாக நடந்தாடும் பழைய ஐரோப்பிய நடனத்தின் இசை) அவளுக்காக எழுதினேன். ஒலி குழம்புகிறது, லீவர் மாற்றவும் நேரமில்லை. நான் வீணை வாசிப்பவள். எதை விடுவது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: நடுக்குரல் இரண்டையும் விடுங்கள், ஆச்சி. மேல்குரலும் அடிக்குரலும் போதும். முடிவிடங்களில் மட்டும் நடுக்குரலிலிருந்து ஒரு சுரம் சேருங்கள். ஆர்போ பாதிரியார்தான்; ஆனாலும் சுரங்களுக்கு எதிரே காலடிகளை எழுதிவைத்த மனிதர். பவானுக்கு அவர் தரும் முரசு ஒரு நீண்ட அடி, இரண்டு குறுகிய அடி; கடைசிவரை அதுவேதான். அதை இடக்கையில் ஸட்ஜ பஞ்சமமாக (ஸ, ப) வையுங்கள். ஆடுகிறவருக்கு அந்த அடிதான் வேண்டும்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் உங்கள் வீடு. ஆத்தங்குடித் தரையும் வெள்ளைக்கரு இழைத்த சுவரும் ஒலியை விழுங்குவதில்லை. ஹார்ப்பின் அடி நரம்போ, கை வைத்து அடக்கும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். கீழ் ஸ்தாயியில் காந்தாரம் (க) எழுதாதீர்கள், மேலே கொண்டுபோங்கள். அடிச்சுரம் மாறும் இடந்தோறும் உள்ளங்கையால் அடக்கவும் குறித்துவையுங்கள்.

லீவர் சங்கதி உங்களுக்கு எளிதில் புரியும். அடிக்குரல் கைசிகி நிஷாதத்தில் (தாழ்ந்த நி) போக, மெட்டு ஸட்ஜத்தைத் தொடுமுன் காகலி (உயர்ந்த நி) கேட்கிறது. பெடல் ஹார்ப்பில் ஒரு பெடல் எல்லா ஸ்தாயி நிஷாதத்தையும் சேர்த்து மாற்றிவிடும். லீவர் தன் நரம்பை மட்டும் அரைச்சுரம் ஏற்றும். அதனால் மெட்டு ஓடும் ஸ்தாயியில் காகலியும் கீழே கைசிகியும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். ஒரே நரம்பில் இரண்டும் வேண்டுமானால், அங்கே அடிக்குரலில் நீண்ட சுரம் ஒன்றை எழுதுங்கள். அது ஒலிக்கும்போது இடக்கை லீவருக்குப் போய்வரலாம்.

ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசிக்கட்டும். இரண்டாம் முறை சின்னச் சங்கதிகள் போடலாம். சுரத்தை அசைக்கும் கமகம் மட்டும் வேண்டவே வேண்டாம், நரம்பும் இடம் கொடுக்காது.

பவானுக்குப் பின் திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக) கல்யார்ட் என்ற துள்ளல் நடன இசை வாசிப்பது அக்கால வழக்கம். பல நேரம் பவானின் மெட்டே நடை மாறி வரும். அதை மகளே எழுதட்டும். நடை மாற்றத்தில் தடுமாறினால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுங்கள்.