மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை – வாசகி ஒருவரின் கடிதமும் பதிலும்

அன்பின் அக்காவுக்கு,

கணினி கற்க வயது ஒரு தடையல்ல என்றும், நாற்பதைக் கடந்தவர்களும் துணிந்து வகுப்புகளில் சேரவேண்டும் என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு 42 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அருகில் வசிக்கிறேன். 1999இல் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவள்; இடம்பெயர்வோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது எங்கள் ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். அடுத்த வருடத்திலிருந்து கணக்கைக் கணினியில்தான் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் விசாரித்த இரண்டு இடங்களிலும் ‘நெகிழ்வான நேரம்’ என்றுதான் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தால், அது சனி, ஞாயிறு காலை 8.30 முதல் 12.30 வரை. எங்கள் நிலையத்தில் பால் ஏற்றி முடிக்கவே பத்து மணியாகும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மூன்று ஏக்கர் வயல் வேலையும் இருக்கிறது. வயது தடையில்லை அக்கா, நேரம்தான் தடை. மகளின் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருக்கவும் கூச்சமாக இருக்கிறது. எங்கே, எப்படிச் சேர்வது என்று சொல்வீர்களா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். வயதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நான் நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை நீங்கள் சுட்டிக்காட்டிய பிறகுதான் உணர்ந்தேன். அது சிறிய தவறல்ல. வன்னியில் வளர்ந்தவர்கள் படிக்கத் தொடங்கி இடையில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் நேரமே காரணமாக இருப்பதைக் கண்ணால் கண்டவள் நான்.

வார இறுதியில் வகுப்பு வைப்பதையே நம் நிறுவனங்கள் நெகிழ்வு என்று அழைக்கின்றன. அலுவலகம் போய்வருகிறவருக்கு அது பொருந்தலாம். வயலும் மாடும் உள்ளவருக்குக் கிழமையால் ஆவது ஒன்றுமில்லை, மாதத்தைத்தான் பார்க்கவேண்டும். புரட்டாதி, ஐப்பசியில் காலபோக விதைப்பு, தை, மாசியில் அரிவுவெட்டு, குளத்தில் தண்ணீர் இருந்தால் சித்திரை தொடங்கிச் சிறுபோகம் என்று ஓடும் ஒரு வருடத்தில், ஆறு மாதப் பாடநெறியொன்றை எந்த மாதத்தில் தொடங்கினாலும் விதைப்போ அரிவுவெட்டோ குறுக்கே வந்தே தீரும். ஆகவே, நம்மைப் போன்றவர்களுக்கு வகுப்பு எந்த நாளில் நடக்கிறது என்பதைவிட, நான்கு வாரம் வரமுடியாமற் போனவர் ஐந்தாம் வாரம் வந்து நின்றால் அவரை என்ன செய்வார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி.

இதை நான் பட்டு அறிந்தேன். 2012இல் நகரத்திலிருந்த தனியார் நிலையமொன்றில் முழுக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்டிச் சேர்ந்தேன். ஆறாவது வாரத்தில் அம்மா நோயில் விழ, ஏறத்தாழ ஒரு மாதம் அவருடன் வவுனியாவில் தங்கவேண்டி வந்தது. திரும்பிப் போனபோது, வகுப்பு எங்கோ போய்விட்டது என்றும், அடுத்த அணியோடு முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் கட்டணத்தையும் மறுபடி கட்டவேண்டும் என்றும் சொன்னார்கள். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிய அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அதற்குப் பின் இரண்டு வருடங்கள் நான் எந்த வகுப்புப் பக்கமும் போகவில்லை. போன பணத்துக்காக நான் அவ்வளவு வருந்தவில்லை. என்னால் முடியாது என்று என்னையே நம்பவைத்ததுதான் பெரிய இழப்பு.

எனவே பணம் கட்டுவதற்கு முன், இடையில் நின்றால் விட்ட பாடத்திலிருந்து தொடர முடியுமா என்று நேராகக் கேளுங்கள். முடியும் என்றால், அதைப் பற்றுச்சீட்டிலேயே ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் வந்து பழகுவதற்கு ஒரு கணினியேனும் கிடைக்குமா, கட்டணத்தை மாதம் மாதமாகக் கட்டலாமா என்பவற்றையும் விசாரியுங்கள். வீட்டில் கணினி இல்லாதவர் வாரத்துக்குச் சில மணித்தியாலங்கள் பாடம் கேட்டு மட்டும் கைப்பழக்கம் பெற முடியாது. எனக்கு இரண்டாம் முறை கைகொடுத்தது ஒரு கிராமத்து நிலையம்தான். அங்கே இருந்த இளம் போதனாசிரியை, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எந்த நாளும் வந்து பழகலாம் என்று விட்டிருந்தார்.

சான்றிதழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதில் ஏமாறுகிறவர்கள் பலர் என்பதால் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் தொழிற்கல்வி நிறுவனங்களைப் பதிவு செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு. அது நடத்தும் குறிப்பிட்ட பாடநெறி தேசிய தொழிற்தகைமைக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பெயர்ப்பலகையில் பதிவு இலக்கத்தைக் கண்டவுடன் எல்லாம் சரியென்று நினைத்துவிட வேண்டாம். தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழு பட்டத்துக்கு இணையானது. கணினிப் பிரயோக உதவியாளர் என்பது மூன்றாம் மட்டம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலாளர் நான்காம் மட்டம். இந்தத் தகைமைகள் பல தேர்ச்சி அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, அலகு அலகாக மதிப்பிடப்படுபவை என்பதுதான் உங்களுக்கும் எனக்கும் பயன்படும் செய்தி. அமைப்பே அப்படித் துண்டு துண்டாக இருக்கும்போது, ஒரு மாதம் வராதவரை முதற்பக்கத்துக்குத் துரத்தவேண்டிய அவசியம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. வகுப்புக்கே போகாமல், செய்த வேலையின் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்பட்டுத் தகைமை பெறும் வழியும் இதில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்வார்கள். இரண்டு வருடம் கணினியில் கணக்கு எழுதிய பின், அந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கக்கூடும். இப்போதே பிரதேச செயலகத்தில் திறன் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் அதையும் சேர்த்து விசாரித்து வையுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையம் நல்ல இடம். மகள் உயர்தரம் முடித்ததும் அவளை அங்கே அனுப்புவது பற்றி யோசியுங்கள். உங்களுக்கு, மாங்குளம் வந்து பஸ் மாறிப் போய்வரும் தூரம் ஒத்துவராது. பிற்காலத்தில் பட்டம் வரை போக ஆசை வந்தால், 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. சாதாரண தரம் இல்லாதவர்களும் அடிப்படைப் பாடநெறியொன்றின் வழியே உள்ளே வர இடம் வைத்த நிறுவனம் அது. ஆனால் அது இன்றைய வேலையல்ல.

இன்றைய வேலை உங்கள் பால் கொப்பி. சேகரிப்பு நிலையத்தின் கணக்கைக் கணினியில் எழுத ஆறு மாதப் பாடநெறி தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். விரிதாளை, அதாவது கட்டங்களில் எண்களை எழுதிக் கணக்குப் பார்க்கும் மென்பொருளை, பழகினால் போதும். பத்துப் பன்னிரண்டு பின்னேரங்கள் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டினால் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள், ஏனென்றால் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுவது உங்களுக்குப் புதிதல்ல. திகதி, பால் தருபவரின் பெயர், லீற்றர், விலை, தொகை என்று கொப்பியில் இருக்கும் ஐந்து நிரல்களே விரிதாளிலும் இருக்கும். தொகைக்குரிய கட்டத்தில் சமன் குறி போட்டு, லீற்றர் உள்ள கட்டத்தையும் விலை உள்ள கட்டத்தையும் பெருக்கச் சொல்லி ஒருமுறை எழுதிவிட்டு, அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், மிகுதி வரிகள் எல்லாவற்றுக்கும் கணக்கு தானாக வந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கொப்பியில் எழுதும் பழக்கத்தில் ‘12.5 லீற்றர்’ என்று கட்டத்துக்குள் எழுதிவிடாதீர்கள். லீற்றர் என்ற சொல் தலைப்பில் இருக்கட்டும். கட்டத்தில் எண் மட்டும் இருக்கவேண்டும். சொல்லும் சேர்ந்தால் கணினி அதை எண்ணாகக் கொள்ளாது, பெருக்கவும் மாட்டாது. ஒரு பின்னேரம் முழுவதும் நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்த இடத்தில்தான். காசு கொடுத்து மென்பொருள் வாங்கவும் வேண்டாம். விரிதாளும் அடங்கிய லிப்ரே ஆபிஸ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

கூச்சத்துக்கு வருகிறேன். 1990க்குப் பின் போரால் ஏறத்தாழ இருபது வருடங்கள் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சார இணைப்பு இருக்கவில்லை. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த நாட்களில், சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். குப்பி விளக்கில் படித்த ஒருவர் தம் 42ஆவது வயதில் முதன்முறையாகக் கணினிக்கு முன்னால் இருப்பதில் அவர் வெட்கப்பட என்ன இருக்கிறது? என் முதல் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலால் ‘அ’ என்ற விசையை அழுத்தி, எடுக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தார். திரையில் ஒரு வரி நிறைய ‘அ’ ஓடியது. எதையோ உடைத்துவிட்டோம் என்று அவர் முகம் வெளிறிப்போனது. பின்வாங்கும் விசையை அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துக் காட்டினார் ஆசிரியை. அந்த அம்மா மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார், பத்துத் தடவையாவது அப்படிச் செய்து பார்த்தார். பிழை விட்டால் அழிக்கலாம் என்று கை அறிந்த பிறகுதான் அவர் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுடைய வீடுகளிலும் அப்படி ஓர் அம்மா இருந்தார்.

தமிழ்த் தட்டச்சைப் பற்றியும் ஒரு சொல். சேருமிடத்தில் எந்த முறையைக் கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். பாமினி எழுத்துரு மட்டும் என்றால், அதோடு நின்றுவிடாதீர்கள். நம் பகுதியில் இன்றும் பலர் அதில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நீங்கள் எழுதிய பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். உங்கள் கணக்கு மேலிடத்துக்குப் போகவேண்டியது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான ஒருங்குறியில் எழுதினால் எங்கும் தமிழாகவே தெரியும். பாமினியில் பழகிய விரல் இடம் பெரிதாக மாறாமல் ஒருங்குறியில் எழுத ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு உதவும்.

வகுப்பு கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மகள் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிறாள் என்றால், 10ஆம் தரப் பாடநூலில் இலத்திரனியல் விரிதாள் பற்றிய பகுதியை வாங்கி வாசியுங்கள். நல்ல தமிழில், படங்களோடு இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். புரியாத இடத்தை மகளிடமே கேளுங்கள். அவளுக்கும் அது பரீட்சைக்குப் பயன்படும்.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். பால் கொப்பியின் ஒரு பக்கத்தை, பால் தருபவர்களின் பெயர்களை மறைத்து, தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். அதையே விரிதாளாக அமைத்து, எந்தக் கட்டத்தில் எதை ஏன் எழுதினேன் என்ற குறிப்போடு இந்தக் கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா