சாப்பிடுறது உடம்புல ஒட்டணும்னா

உடம்பு ஏத்தணும், தசை வரணும்னு கேட்டு வந்த கேள்விகளை எல்லாம் ஒரே மூச்சுல உக்காந்து படிச்சேன். எத்தனை முட்டை, எத்தனை ஸ்கூப் புரோட்டீன் பவுடர்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறீங்க, ஆனா கேள்வி முடியுற இடத்துல பாத்தா உப்புசம், நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், பாத்ரூம் பிரச்சனைன்னு வந்து நிக்குது. அதனால இந்த தடவை தசையை கொஞ்சம் தள்ளி வச்சுட்டு வயித்துல இருந்து ஆரம்பிக்கலாம். வயிறு ஒத்துக்காத சாப்பாட்டை யாராலயும் ரொம்ப நாள் தொடர முடியாது, தசை வளர்றதுக்கோ மாசக்கணக்குல ஆகும்.

கேள்வி: சார், எனக்கு 23 வயசு, 60 கிலோ. நாலு மாசமா ஜிம் போறேன். காலைல 6 பச்சை முட்டை, ஒரு லிட்டர் பால், ஓட்ஸ், ரெண்டு கரண்டி பீனட் பட்டர் எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சு குடிச்சிடுவேன். மதியம் சோறு, கோழி. சாயந்தரம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை, ராத்திரி ரெண்டு ஸ்கூப் வே புரோட்டீன் (பால்ல இருந்து எடுக்குற புரதப் பவுடர்). நாள் முழுக்க வயிறு பானை மாதிரி இருக்கு, ஆனா எடை ஏறவே இல்ல, சாப்பிடுறது எதுவும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது. இன்னும் என்ன சேத்துக்கணும்?

பதில்: தம்பி, இப்போதைக்கு சேர்க்க எதுவும் இல்ல, எடுக்கத்தான் இருக்கு. உங்க காலை மிக்ஸியையே எடுத்துக்குவோம். பச்சை முட்டை குடிச்சா சக்தி அதிகம்னு காலம் காலமா சொல்றாங்க, நிஜம் நேர் எதிர். 1998-ல பெல்ஜியத்துல அளந்து பாத்தப்போ வெந்த முட்டையோட புரதம் 90 சதவீதம் கிட்ட செரிமானம் ஆச்சு, பச்சை முட்டைல பாதிதான் ஆச்சு. அதாவது நீங்க குடிக்கிற ஆறுல கிட்டத்தட்ட மூணு முட்டையோட புரதம் செரிக்காமலே பெருங்குடலுக்குப் போகுது, போதாததுக்கு சால்மொனெல்லா கிருமி பயம் வேற. அடுத்து பால். ஒரு லிட்டர்ல 50 கிராம் கிட்ட லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை இருக்கு, அதை உடைக்கிற லாக்டேஸ் என்சைம் உலகத்துல பாதிக்கு மேல பெரியவங்களுக்கு வயசோட குறைஞ்சிடுது. அப்படிப்பட்டவங்களுக்கும் ஒரு டம்ளர் பால், அதாவது 12 கிராம் லாக்டோஸ் வரைக்கும், சாப்பாட்டோட குடிச்சா பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, ஆனா நீங்க ஒரே இருப்புல நாலு டம்ளர் குடிக்கிறீங்க. இதுக்கு மேல பீனட் பட்டர். கொழுப்பு கெட்டது இல்ல, ஆனா இரைப்பை காலியாகுறதை அது மெதுவாக்கும், அதனால மதியம் வரைக்கும் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்.

எனக்கும் இருபத்தஞ்சு வயசுல இதே நிலைமைதான், எதனாலன்னு தெரியாம எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்கி பக்கத்தை மூணா கோடு போட்டு பிரிச்சு, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, ரெண்டு மணி நேரம் கழிச்சு வயிறு எப்படின்னு எழுதிட்டே வந்தேன். பத்தாவது நாள் புரட்டிப் பாத்தா பால்னு எழுதியிருந்த வரிக்கெல்லாம் பக்கத்துல கடமுடா, கடமுடான்னு என் கையெழுத்துலயே இருந்துச்சு. தயிர்னு எழுதின வரில அது இல்ல. தயிர்ல லாக்டோஸ் கொஞ்சம் குறையும், அதுல இருக்க பாக்டீரியாவும் மிச்சத்தை உடைக்க உதவி பண்ணும், அதான் விஷயம். நீங்களும் அந்த நோட்டை இன்னைக்கே ஆரம்பிங்க.

இப்போ எவ்வளவு புரதம் வேணும்னு பாப்போம். 2018-ல 49 ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசினதுல, எடைப்பயிற்சி பண்றவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வரைக்கும் பலன் தெரியுது, அதுக்கு மேல சராசரியா பெருசா கூடலைன்னு வந்துச்சு. 60 கிலோவுக்கு 96 கிராம். நீங்க இப்போ எடுக்குறது இதைத் தாண்டியே இருக்கும், அப்புறம் ஏன் வயித்தை வருத்தணும்?

முதல் ரெண்டு வாரம் இப்படி போங்க. காலைல 40 கிராம் ஓட்ஸை தண்ணில குழைய வேகவச்சு, ஆறினதும் 200 கிராம் தயிரும் ஒரு வாழைப்பழமும் மசிச்சு கலந்துக்கோங்க, கூட ரெண்டு வேகவச்ச முட்டை, இதுலயே 25 கிராம் புரதம் வந்துடும். பதினோரு மணிக்கு ரெண்டு ஸ்லைஸ் ரொட்டில ஒரே ஒரு கரண்டி பீனட் பட்டர், இது 9 கிராம். மதியம் ரெண்டு கப் சோறு, வேகவச்ச கோழியோ மீனோ 100 கிராம், கூட வெந்த கேரட், பூசணி மாதிரி மெத்துன்னு ஒரு காய், இது 33 கிட்ட. பயிற்சிக்கு முன்னாடி ஒரு வாழைப்பழம். ராத்திரி அரிசியும் தோல் எடுத்த பருப்பும் சேத்து குழைய வேகவச்சது, கூட ஒரு முட்டை, இது 24. கூட்டிப் பாருங்க, 91 வருது, காய்ல வர்றதையும் சேத்தா தேவையை ஒட்டி வந்துடும். பவுடரே வேண்டாம். வெள்ளை அரிசியைப் பத்தி பயப்பட வேண்டாம், நார் கம்மியா இருக்கதால வயித்துக்கு ரொம்ப லேசு, உங்களை மாதிரி எடை ஏத்தணும்னு இருக்கவங்களுக்கு அதுதான் சுலபமான வழி.

இது 2000 கலோரிக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும், எடை ஏத்த இது பத்தாது, தெரிஞ்சேதான் சொல்றேன். முதல்ல வயிறு அடங்கட்டும், அந்த ரெண்டு வாரத்துல அரை கிலோ இறங்கினாலும் பதறாதீங்க, பாதி உப்புசமும் தண்ணியுமாத்தான் இருக்கும். மூணாவது வாரத்துல இருந்து வாரத்துக்கு ஒரு கப் சோறு, அதாவது 200 கலோரி, இல்லன்னா அதே அளவுக்கு உருளைக்கிழங்கோ ரொட்டியோ கூட்டிட்டே வாங்க. வாரத்துக்கு 150-ல இருந்து 300 கிராம் வரைக்கும் எடை ஏற ஆரம்பிச்சா அங்கயே நிறுத்திடுங்க, அதுக்கு மேல ஏறினா தசையை விட கொழுப்புதான் அதிகம் சேரும். எடையை தினமும் காலைல பாத்ரூம் போயிட்டு வந்ததும் பாத்து, ஏழு நாளோட சராசரியை மட்டும் கணக்குல எடுங்க. ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடுறேன், மலத்துல ரத்தம், கருப்பா போறது, தூக்கத்துல எழுப்புற வயித்து வலி, காரணமே இல்லாம எடை குறையுறது, இதுல எது இருந்தாலும் சாப்பாட்டை மாத்திட்டு இருக்காம முதல்ல டாக்டரைப் பாருங்க.

கேள்வி: 27 வயசு, 52 கிலோ, சைவம், முட்டையும் சாப்பிட மாட்டேன். புரதத்துக்கு பயறு, கடலைதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஒரு கிண்ணம் சாப்பிட்டா ஆபீஸ்ல நாலு பேர் பக்கத்துல உக்காரவே முடியல, அவ்வளவு வாயு. எனக்கு செரிமான சக்தி கம்மியா?

பதில்: உங்க செரிமானத்துல ஒரு குறையும் இல்லம்மா, இது மனுஷங்க எல்லாருக்கும் உள்ளதுதான். பயறு வகைல ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு ரெண்டு சர்க்கரை இருக்கு, அதை உடைக்கிற என்சைம் நம்ம யாரோட சிறுகுடல்லயும் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகுது, அங்க இருக்க பாக்டீரியா அதை சாப்பிட்டு வாயுவா மாத்துது. வெக்கப்பட இதுல எதுவுமே இல்ல. அந்த சர்க்கரை தண்ணில கரையும்ங்கிறதுதான் நமக்கு இருக்க வழி. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையை காலைல பாருங்க, தண்ணி மஞ்சளாகி மேல நுரை நுரையா நிக்கும், நிறைய பேர் சத்து போயிடும்னு அந்த தண்ணியிலயே வேகவைக்கிறாங்க, வேண்டாம், கீழ ஊத்திடுங்க, ரெண்டு தடவை அலசிட்டு புது தண்ணி விட்டு வேகவைங்க. எவ்வளவு வேகணும்னா ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு லேசா அழுத்தினா மாவா மசியணும், நடுவுல ஒரு நறுக்கு தட்டுப்பட்டா இன்னும் வேகலைன்னு அர்த்தம். முளைகட்டினா இன்னும் குறையும், ஆனா முளைகட்டினதை பச்சையா சாப்பிடாதீங்க, கிருமி வளர அதுல வாய்ப்பு அதிகம், ஆவில வேகவச்சே சாப்பிடுங்க.

அளவையும் எடுத்த உடனே கிண்ணமா வைக்காதீங்க. முதல் வாரம் தினமும் ரெண்டு மூணு கரண்டி, அடுத்த வாரம் அரை கிண்ணம்னு போனா குடல்ல இருக்க பாக்டீரியாவும் பழகிக்கும், வாயு நிறைய பேருக்கு தானா குறைஞ்சிடும். தோல் எடுத்து உடைச்ச பருப்பு முழுப் பயறை விட லேசு, அதுல இருந்து தொடங்குங்க. கிலோவுக்கு அதே 1.6 கிராம் கணக்குல உங்களுக்கு வேண்டிய புரதம் 83 கிராம் கிட்ட, எல்லாத்தையும் பயறுலயே எடுக்கணும்னு இல்ல. டோஃபுல, அதாவது சோயா பால்ல செய்யுற பன்னீர்ல, பயறை விட அந்த சர்க்கரை ரொம்ப கம்மி, செய்யும்போதே நிறைய தண்ணியோட வெளிய போயிடும், 100 கிராம் கெட்டி டோஃபுல 12 கிராம் கிட்ட புரதம் இருக்கும். சோயா சங்க்ஸ் காஞ்சது 50 கிராம்ல 26 கிராம் புரதம், கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்து நல்லா ரெண்டு மூணு தடவை பிழிஞ்சு ஊத்திட்டு சமைங்க, அந்த பிழியுறதுலதான் வயித்து நிம்மதியே இருக்கு. இது கூட 400 கிராம் தயிர், ரெண்டு வேளை பருப்பு சோறு வச்சீங்கன்னா கணக்கு முடிஞ்சிடும்.

கேள்வி: ஒரு வேளைக்கு 30 கிராம் புரதத்துக்கு மேல சாப்பிட்டா வீணா போயிடும்னு ஜிம்ல சொல்றாங்க, உண்மையா?

பதில்: இல்ல. குடல் எல்லாத்தையும் உறிஞ்சிடும், நேரம்தான் கூட எடுக்கும். 2023-ல ஒரே தடவைல 100 கிராம் கொடுத்துப் பாத்தாங்க, 12 மணி நேரத்துக்கு மேலயும் உடம்பு அதைப் பயன்படுத்திட்டே இருந்துச்சு. ஆனாலும் நாலு வேளையா பிரிச்சு சாப்பிடுங்கன்னுதான் நான் சொல்வேன், ஏன்னா வயிறு முட்ட சாப்பிட்டுட்டு நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டாம்ல.

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயசு, 55 கிலோ. ஒரு காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சதுல இருந்து கால் குச்சி மாதிரி ஆயிடுச்சு. பல் செட் இருக்கதால இறைச்சி மெல்ல முடியல, காலைல டீயும் ரஸ்க்கும்தான், ராத்திரி கஞ்சி. என்ன கொடுக்கலாம்?

பதில்: இந்த கேள்வியைப் படிச்சதும் மத்ததை எல்லாம் ஓரம் வச்சுட்டு இதுக்குத்தான் முதல்ல பதில் எழுதினேன். வயசானவங்க பத்து நாள் படுக்கைல இருந்தா இழக்குற தசை, சின்ன வயசுக்காரங்க இழக்குறதை விட ரொம்ப அதிகம், அது தானா திரும்பியும் வராது. முதல்ல ஒரு ரத்தப் பரிசோதனைல கிரியேட்டினின் பாத்து சிறுநீரகம் நல்லா இருக்கான்னு டாக்டர் கிட்ட உறுதி பண்ணிக்கோங்க, பிரச்சனை இருந்தா புரத அளவை அவர்தான் சொல்லணும். எல்லாம் சரியா இருந்தா, 65 தாண்டினவங்களுக்கு கிலோவுக்கு 1-ல இருந்து 1.2 கிராம்னு சொல்றாங்க, நோய்ல இருந்து மீள்றவங்களுக்கு அதை விட கொஞ்சம் கூடவே, அதனால அப்பாவுக்கு குறைஞ்சது 66 கிராமை குறி வைங்க.

டீயும் ரஸ்க்கும் மாறணும், அதுதான் முதல் வேலை. வயசாக ஆக தசைக்கு ஒரு வேளைல கொஞ்சம் பெரிய அளவு புரதம் வந்தாதான் அது முழிச்சுக்கும், 25 கிராம் கிட்ட வேணும், ராத்திரி கஞ்சில கிடைக்கிற நாலஞ்சு கிராம் எந்த மூலைக்கும் பத்தாது. காலைல ரெண்டு முட்டையை கொஞ்சம் பால் விட்டு அடிச்சு, அடுப்பை சிம்ல வச்சு கிளறிட்டே இருந்து, ஈரம் இருக்கும்போதே ஆனா நல்லா வெந்ததும் இறக்கிடுங்க, பல்லே வேண்டாம், நாக்குலயே கரையும். கூட ஒரு டம்ளர் பால்ல கொழுப்பில்லாத பால் பவுடர் ரெண்டு ஸ்பூன் கரைச்சு கொடுங்க, அதுலயே 13 கிராம் வரும். மதியம் இறைச்சியை துண்டா வைக்காதீங்க, கொத்தி அரைச்சதா சமைங்க. வயசானவங்களுக்கு அரைச்ச இறைச்சில இருந்து அமினோ அமிலம் (புரதம் செரிச்சு உடைஞ்சு வர்றது) துண்டு இறைச்சியை விட வேகமா ரத்தத்துல சேருதுன்னு 2013-ல காட்டியிருக்காங்க, முள் எடுத்து உதிர்த்த மீனும் நல்லது. ராத்திரி கஞ்சியை நிறுத்தச் சொல்லல, அது அவருக்குப் பழகின சாப்பாடு, அதுலயே வெந்த பருப்பையும் ஒரு முட்டையையும் கலக்கி கொதிக்க விடுங்க. இதோட தினமும் ரெண்டு வேளை கை வச்ச நாற்காலில இருந்து எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க, முதல் நாள் அஞ்சு தடவை போதும், நீங்க பக்கத்துல நில்லுங்க. அசைவு இல்லாம சாப்பாடு மட்டும் போனா காலுக்குப் போய் சேராது.

கேள்வி: ஸ்குவாட் (எடையோட உக்காந்து எந்திரிக்கிற பயிற்சி) போடும்போது வாந்தி வர்ற மாதிரி இருக்கு. வெறும் வயித்துல போனா தலை சுத்துது.

பதில்: கனமா எடை தூக்கும்போது ரத்தம் வயித்தை விட்டுட்டு தசைக்கு ஓடும், அந்த நேரத்துல இரைப்பைல சாப்பாடு நிறைய இருந்தா அப்படித்தான் வரும். முழுச் சாப்பாட்டை ரெண்டரை, மூணு மணி நேரம் முன்னாடி முடிச்சிடுங்க. ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழமோ தேன் தடவின ரெண்டு ஸ்லைஸ் ரொட்டியோ போதும், எண்ணெய்ல பொரிச்சது, நட்ஸ், நார் அதிகமானது எல்லாம் பயிற்சி முடிஞ்சதுக்கு அப்புறம். முடிஞ்ச உடனே அவசரமா ஷேக் குடிக்கணும்னும் இல்ல, மூச்சு அடங்கி பசி வந்ததும் சாப்பிடுங்க, ஒரு மணி நேரம் தள்ளிப் போனா ஒண்ணும் குறையாது.

கேள்வி: சுகர் ஃப்ரீ புரோட்டீன் பார் தினமும் ரெண்டு, கிரியேட்டின் (தசைக்கு பலம் கூட்ட எடுக்குற பவுடர்) ஒரே தடவைல 20 கிராம். ஒரு வாரமா லூஸ் மோஷன்.

பதில்: ரெண்டுமே காரணமா இருக்கலாம். பார் கவரைத் திருப்பி மால்டிட்டால், சார்பிட்டால்னு இருக்கான்னு பாருங்க, இந்த இனிப்புகள் குடல்ல முழுசா உறிஞ்சப்படாது, தண்ணியை இழுத்துட்டு போகும். கிரியேட்டினும் மொத்தமா போட்டா அதே வேலையைத்தான் பண்ணும். பாரை நிறுத்திட்டு, வயிறு சரியாகுற வரைக்கும் கிரியேட்டினையும் நிறுத்துங்க, தண்ணியும் உப்பும் நல்லா உள்ள போகட்டும், இன்னும் ரெண்டு மூணு நாள்ல நிக்கலைன்னா டாக்டர் கிட்ட போயிடுங்க. சரியானதும் தினமும் 3 கிராம் மட்டும் சாப்பாட்டோட எடுங்க, 20 கிராம் போட்டு சீக்கிரம் நிரப்புற அதே அளவு கிரியேட்டின் நாலு வாரத்துல தசைல நிறைஞ்சிடும்.