ஒரே கையெழுத்து போதும்

கேள்வி: ஜனநாயகம், மனித உரிமை என்று மேடைக்கு மேடை முழங்கும் நாடுகள், வெளியூர்ச் சர்வாதிகாரிகளோடு மட்டும் எப்படித் தோளில் கைபோட்டுக்கொள்கின்றன?
- வாசகி ஒருவர், தோ பாயோ, சிங்கப்பூர்

பதில்: அரசியல் வகுப்பு எடுக்கும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை, அம்மா. முப்பது வருஷம் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி ஏற்றும் கடையில் கணக்கு எழுதியவன். தெரிந்த கடல்வழியாகவே சொல்கிறேன்.

பிலிப்பீன்ஸில் அதிபர் மார்க்கோஸ் 1972ல் ராணுவச் சட்டம் போட்டு, எதிர்த்தவர்களை உள்ளே தள்ளினார். அமெரிக்கா முகம் சுளித்ததா? 1981ல் மணிலா போன துணை அதிபர் புஷ் (அப்பா புஷ்தான்), மார்க்கோஸின் ஜனநாயகப் பற்றை மெச்சிப் பேசிவிட்டு வந்தார். எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

விஷயம், அங்கே அமெரிக்கா வைத்திருந்த சூபிக் கடற்படைத் துறைமுகமும் கிளார்க் விமானத் தளமும். எதிர்க்கரையில், வியட்நாமின் கம் ரானில் சோவியத் கப்பல்கள் நின்ற காலம் அது. தளம் வேண்டுமென்றால் கையெழுத்து வேண்டும். சர்வாதிகாரியிடம் ஒரே கையெழுத்து போதும். வழக்கு, விவாதம், ஊர்வலம் எதுவும் குறுக்கே வராது. மணிலாச் சிறையில் கிடந்தவனுக்கு அமெரிக்காவில் ஓட்டும் கிடையாதே!

1986 பிப்ரவரியில் லட்சக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கியதும், அதே அமெரிக்கா மார்க்கோஸை ஹெலிகாப்டரில் ஏற்றி, கடைசியில் ஹவாயில் கொண்டுபோய் இறக்கியது. ஆள் போனாலும் தளம் போகக்கூடாது என்பதுதான் கணக்கு என்று நினைக்கிறேன். கணக்கு பிசகிவிட்டது. 1991 செப்டம்பரில் பிலிப்பீன்ஸ் செனட், தளத்துக்கான புது ஒப்பந்தத்தை நிராகரித்தது. எதிராக 12 ஓட்டு, ஆதரவாக 11. மறு வருஷம் நவம்பரில் சூபிக்கில் அமெரிக்கக் கொடி இறங்கியது.

சரி, அமெரிக்காவை மட்டும் திட்டினால் நியாயமில்லை. 90களில் மியன்மார் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆங் சான் சூச்சிக்கு நேரு விருது கொடுத்த இந்தியாதான், 2004ல் அதே ராணுவ ஆட்சியின் தலைவர் தான் ஷ்வேயை ராஜ மரியாதையோடு வரவேற்றது. வடகிழக்கு எல்லையில் கிளர்ச்சிக்காரர்களை அடக்க அவர் தயவு வேண்டியிருந்தது. பக்கத்திலேயே சீனா வேறு.

நம் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். சூபிக்கை இழந்த அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு 1992ல் வந்து உட்கார்ந்த இடம் எங்கள் செம்பவாங். அந்த வருஷம் எங்கள் கடையில் முட்டை ஆர்டர் ஏறியது. முதலாளி மட்டும் மணிலா செனட்டர்களை வாயார வாழ்த்திக்கொண்டிருந்தார்.