பெருமூளை வாதம் உள்ள பிள்ளையை வீட்டில் எப்படி வளர்ப்பது?

"பத்து மாதப் பையனுக்குப் பெருமூளை வாதம், சி.பி. என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். நடப்பானா? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மகனுக்கும் அதேதான் தங்கச்சி. வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவும் தசையும் கட்டுப்பாட்டில் நிற்காமல் போவதுதான் இது. இப்போது 11 வயது. அக்காக்காரி கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் எல்லோருக்குமே அவன் 'தம்பி' ஆகிவிட்டான். 30 வாரத்தில் 1.2 கிலோவோடு பிறந்து 41 நாள் இன்குபேட்டரில் இருந்தவன். எட்டு மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை. அப்போது காட்டிய டாக்டர், "குறைமாசப் பிள்ளைதானே, மெதுவா வரும்" என்றார். நம்பி ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டோம். மூளை வேகமாக வளரும் காலம் அது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. உங்களுக்குப் பத்து மாதத்திலேயே தெரிந்துவிட்டது. இந்த வாரமே பிசியோதெரபிக்குப் போய்விடுங்கள்.

நடப்பானா என்ற கேள்வியை நானும் ஐந்து வருடம் சுமந்தேன். அத்தை தினமும், "ஏளா, புள்ள எப்பம் நடப்பான்?" என்பார்கள். சங்கரன்கோவிலில் வெள்ளியில் இரண்டு கால் உரு வாங்கி உண்டியலில் போட்டார்கள். அவர்கள் பாசம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதில் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உடல் இயக்கத்தை வைத்து சி.பி.யை ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலைப் பிள்ளை ஓடும், மாடிப்படி ஏறும். ஐந்தாம் நிலையில் தலையைத் தாங்குவதே பாடு. தம்பி நான்காம் நிலை. பிடிமானம் இருந்தால் உட்காருவான், வெளியே போக சக்கர நாற்காலி வேண்டும். எந்த நிலை என்பது ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பத்து மாதத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கேள்வியைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். பையன் எப்படி உட்காருகிறான், எப்படிச் சாப்பிடுகிறான், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்கிறான், இந்த மூன்றையும் தினமும் பாருங்கள்.

சாப்பாட்டில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் வழக்கம்போல மடியில் மல்லாத்திப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பாலாடையால் புகட்டினேன். ரசஞ்சாதம் லேசாக இறங்கும் என்று அதையே ஊட்டினேன். இரண்டு வயதுக்குள் இரண்டு தடவை நிமோனியா. குளிர், தூசி என்று என்னென்னவோ காரணம் சொன்னார்கள். சாப்பாடுதான் நுரையீரலுக்குப் போகிறது என்று கடைசியில் ஒரு தெரபிஸ்ட் அம்மாதான் கண்டுபிடித்தார். தம்பி விழுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ரசம் முதல்ல தொண்டைக்கு ஓடிருதும்மா, சோறு வாயிலயே நிக்குது. ரெண்டையும் ஒண்ணா சமாளிக்க அவனுக்கு முடியல."

அன்றிலிருந்து நெய் விட்டுக் குழையப் பிசைந்த பருப்புச் சாதம், கெட்டித் தயிர்ச் சாதம். தண்ணீரும் அவனுக்குப் புரையேறும், அதனால் கஞ்சிப் பதத்தில்தான் எதையும் குடிக்கக் கொடுப்போம். இடுப்பு நன்றாகப் பின்னால் ஒட்டி, முட்டி மடங்கி, பாதம் பலகையில் பட உட்கார வைக்க வேண்டும். முகவாய் லேசாகக் கீழே குனிந்திருக்க வேண்டும். கரண்டியை மேலேயிருந்து கொண்டுவராதீர்கள், தலை அண்ணாந்துவிடும். வாய் மட்டத்தில் நேராகக் கொண்டுபோய், உதடு மூடும் வரை காத்திருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். அதற்குப் பிறகு தம்பிக்கு நிமோனியா வரவில்லை. உங்கள் பையன் எந்தப் பதத்தில் விழுங்குவான் என்பதை மட்டும் தெரபிஸ்ட்டை வைத்தே முடிவு பண்ணுங்கள், என் பக்குவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்காலியை எங்கள் தெரு ஆசாரி பிளைவுட்டில் செய்து கொடுத்தார். தெரபிஸ்ட் அளவு எழுதிக் கொடுத்தார். இடுப்புக்கு ஒரு பெல்ட், இரண்டு முட்டிக்கு நடுவே ஒரு கட்டை, முன்னால் ஒரு பலகை, அவ்வளவுதான். பிள்ளை வளர வளர அளவை மாற்ற வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். காலுக்கு ஸ்ப்ளிண்ட், அதாவது காலை நேராகப் பிடித்து வைக்கும் கட்டு, கொடுத்தால் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால் ஸ்ப்ளிண்ட்டைத் திருத்த வேண்டும். வலிப்பும் சேர்ந்து வரும் பிள்ளைகள் நிறைய. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்கவும் விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தம்பிக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வரவில்லை என்றால் புத்தியும் இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருநாள் என் ஒரு கையில் வாழைப்பழத்தையும் இன்னொரு கையில் பிஸ்கட்டையும் கொடுத்து, "எது வேணும்னு கேளுங்க. கேட்டுட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயத் திறக்கக் கூடாது" என்றார். கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் கழுத்து ஆடியது, கை விறைத்தது. வழக்கமாக இந்த இடத்தில் நானே பிஸ்கட்டை வாயில் வைத்துவிடுவேன். ஏழு எண்ணும்போது கண் மெதுவாக வாழைப்பழத்தின் பக்கம் போய் நின்றது. கைகளை மாற்றிக் கேட்டேன். திரும்பவும் வாழைப்பழம். அன்றைக்கு அவனுக்கு மூன்றரை வயது. மூன்றரை வருடமாக அவன் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான்தான் ஏழு எண்ணும் வரை காத்திருந்ததில்லை.

பிறகு ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவது, இல்லை என்றால் முகத்தைத் திருப்புவது என்று பழக்கினோம். ஒரு அட்டையில் தண்ணீர், பாத்ரூம், படுக்க வேண்டும், டிவி, வலிக்கிறது என்று படம் ஒட்டினோம். 'வலிக்கிறது' படத்தை முதல் நாளே ஒட்டிவிடுங்கள். ஆறு வயதில் தம்பி ராத்திரி ராத்திரி அழுதான். பிடிவாதம் என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். அட்டையை எடுத்து ஒவ்வொரு படமாகத் தொட்டுக் கேட்டேன். 'வலிக்கிறது' வந்ததும் கண் மேலே போனது. வயிறா, காலா, இடுப்பா என்று கேட்டேன். இடுப்புக்குப் போனது. எக்ஸ்ரேயில் வலது தொடை எலும்பு இடுப்புக் குழியிலிருந்து பாதி விலகியிருந்தது. ஆபரேஷன் செய்தோம்.

நடக்காத பிள்ளைக்கு எதற்கு இடுப்பு எக்ஸ்ரே என்று தோன்றும். நடக்காத பிள்ளைக்குத்தான் இடுப்பு விலகும் வாய்ப்பு கூடுதல். தசை இறுகி எலும்பை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும், முதலில் வலியும் தெரியாது. எக்ஸ்ரே எப்போது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று எலும்பு டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எங்களிடமும் லட்சக்கணக்கில் கேட்டார்கள், நகையை அடகு வைக்கும் வரை போய்விட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலில் பெருமூளை வாதத்துக்கு அது ஒப்புதல் பெற்ற சிகிச்சை அல்ல. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், நல்ல நாற்காலிக்கும் தெரபிக்கும் போக வரவும் ஆகும்.

அரசுப் பக்கம்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையை முதலில் வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். கடுமையான பாதிப்பு என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுங்கள், எங்களுக்கு மாதம் 2,000 வருகிறது. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் சேரும். தென்காசி பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம், சென்னை என்றால் கோட்டூர்புரம் வித்யாசாகர், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், இங்கெல்லாம் போய்ப் பாருங்கள்.

பள்ளியில் ஒரு இடத்தில், மற்ற பெற்றோர் வருத்தப்படுவார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. தெரு முனை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறார். கணக்கில் விடைகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சரியானதற்குக் கண்ணைத் தூக்குகிறான்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள். தம்பி இப்போது 24 கிலோ, என் முதுகு போய்விட்டது. குளிப்பாட்டுவது அவன் அப்பா வேலை. மூத்தவளை இரண்டாவது அம்மா ஆக்காமல் இருக்க நான் இன்னும் பாடுபடுகிறேன். அவள் சனிக்கிழமை விளையாடப் போக வேண்டும், போகிறாள்.

உங்கள் பையன் இப்போது எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறான், பால் குடிக்கும்போது இருமுகிறானா, நெஞ்சுச் சளி அடிக்கடி பிடிக்கிறதா என்று கீழே எழுதுங்கள். ராத்திரி அவன் தூங்கிய பிறகு பார்த்துப் பதில் போடுகிறேன்.